பார்லோவுக்குள் கேட்ட டிக்

'டிக்.'

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கண்ணாடி உடைகிற சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் படப்பையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். காலை ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, எங்கள் மாடி அறையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன். இடது கையில் பார்லோ லென்ஸ் என்கிற விரல் நீளக் குழாய். வலது கையில் ஐபீஸ், அதாவது தொலைநோக்கியில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன வில்லைக் கூடு. அந்த ஐபீஸின் அடியில் பச்சைக் கண்ணாடி பதித்த ஒரு வளையம் திருகி ஏற்றியிருந்தது. அது நிலா ஃபில்டர். பௌர்ணமி வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்க மாட்டுவது.

ஐபீஸைப் பார்லோவுக்குள் விட்டேன். முக்கால்வாசி போனதும் லேசாகப் பிடித்தது. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். டிக் என்றது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பரம திருப்தி.

வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் திரும்பினாள். அறைத் தோழி. போன வாரம் எழுதியிருந்தேனே, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து இறங்கிய அதே நாளில் வந்து இறங்கியவள்.

"ஏட்டி மாரி, என்னமோ ஒடஞ்ச மாதிரில்லா கேட்டுச்சு?"

"ஒடையல. லாக் ஆயிருக்கு" என்றேன், நாலு வருஷ அனுபவத்தின் கர்வத்தோடு.

இன்னும் இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்காரம்மா மொட்டை மாடிக்கு வருவதாக இருந்தது. அவருக்கு நாங்கள் வானத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் அறை எங்களுக்கு. காட்டாவிட்டால் மாதம் முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

தள்ளு, டிக், இழு

முதலில் அந்த டிக் எனக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் லைனில் எனக்கு வேலை. ஒரு காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் நீட்டிப் போட்டால் ஊரையே சுற்றிக் கட்டலாம் என்று எங்கள் சூப்பர்வைசர் அடித்துவிடுவார். ஒவ்வொரு ஒயர் முனையையும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் சொருக வேண்டும். அதற்கு ஒரு மந்திரம் உண்டு. தள்ளு, டிக், இழு. தள்ளினால் டிக் என்று கேட்க வேண்டும். கேட்டதும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் ஓகே, அடுத்தது. டிக் கேட்காமல் விட்டால் அந்த ஒயர் என்றைக்காவது ஓடுகிற காரில் கழன்றுகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம், காதை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை டிக் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் அது உடம்புக்குள் இறங்கிவிடும். கதவின் தாழ்ப்பாள் டிக் என்றால்தான் எனக்குத் தூக்கம் வரும். பேனா மூடியைக் கூட டிக் கேட்கும்வரை அழுத்துவேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்திருந்தால் வாங்கி மூடிக் கொடுத்துவிடுவேன். சிலர் முறைப்பார்கள்.

பேச்சியின் வியாதி வேறு. அவள் வேறு கம்பெனியில் நட்டு முடுக்குகிற இடத்தில் இருந்தாள். அவள் கை பட்ட எதையும் பிறகு யாரும் திறக்க முடியாது. எங்கள் அறையில் ஊறுகாய் பாட்டில் அவள் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு வெறும் அலங்காரப் பொருள்தான். முடுக்கியதும் அதன்மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவது அவர்கள் லைன் வழக்கம். நட்டையும் அது உட்கார்ந்திருக்கிற தகட்டையும் சேர்த்து ஒரே கோடு. கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம்.

போன பௌர்ணமி அன்று அந்த நிலா ஃபில்டரை ஐபீஸில் மாட்டியது பேச்சிதான். மாட்டி, முடுக்கி, மஞ்சள் கோடும் போட்டிருந்தாள். நான் சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

இரண்டு பெண்கள், ஒரு குழாய்

தொலைநோக்கி எங்களிடம் எப்படி வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பெரிய கதை இல்லை. எங்கள் பிளான்ட்டில் ஓர் என்ஜினீயர் புனேக்கு மாற்றலாகிப் போனபோது நோட்டீஸ் போர்டில் ஒரு சீட்டு ஒட்டினார். சைக்கிள், மேஜை, தொலைநோக்கி என்று மூன்று பொருள். சைக்கிளையும் மேஜையையும் மதிய இடைவேளைக்குள் ஆள் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவதை நான் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா?" என்றார். "பாக்கத்தான் சார்" என்றேன்.

அது ஒரு கண்ணாடித் தொலைநோக்கி. கை அகலக் குழாய். அடியில் குழிந்த கண்ணாடி, மேலே பக்கவாட்டில் ஐபீஸ் சொருகும் துளை. கூடவே ஒரு சோப்பு டப்பாவில் இரண்டு ஐபீஸ்கள், அந்தப் பச்சை ஃபில்டர், பார்லோ. இருபத்தைந்து என்று எழுதிய ஐபீஸில் நிலா முழுசாகத் தெரியும். பத்து என்று எழுதியதில் இன்னும் கிட்டத்தில் வரும். பார்லோவை இடையில் போட்டால் எந்த ஐபீஸும் இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். எனக்கு அந்தச் சின்னக் குழாய் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்புத் தாளும் இருந்தது. அதை நான் படிக்கவில்லை என்பதைக் குனிந்த தலையோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நாங்கள் குடியிருந்தது தனம் அக்கா வீட்டு மாடி அறையில். ஷிஃப்டுக்குப் போகிற கல்யாணம் ஆகாத பெண்களுக்கு இந்தப் பக்கம் வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டில் எங்கள் இருவருடைய அப்பாக்களும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டில் ராத்திரி ஷிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே கேட்டைச் சாத்தினார்கள். தனம் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தண்ணிய வேஸ்ட் பண்ணுவீங்களா?" இல்லை என்றோம். "அப்ப வாங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் இறந்தபின் தனியாகவே வீட்டையும் வாடகையையும் ஊர்ச் சண்டைகளையும் நிர்வகித்து வந்தார். பேச்சு பட்டாசு. மனசும் கெட்டதில்லை. ஆனால் தெருவில் தன் பெயர் அடிபடுவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

எதிர் வீட்டுப் புகார்

அந்தத் தெருவில் எங்களுக்கு மேற்குப் பக்கம்தான் கொஞ்சம் திறந்த வானம். கிழக்கே நாலு மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. தெற்கே மரம். ஆகவே சாயங்காலங்களில் எங்கள் குழாய் எப்போதும் மேற்கு நோக்கியே நிற்கும். அந்தி வெள்ளி, பிறை, எல்லாம் அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கத்தில் தெருவைத் தாண்டியதும் இருப்பது வசந்தி வீடு.

வசந்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தனம் அக்காவிடம் போனாள். "உன் வூட்டு மாடில ரெண்டு பொண்ணுங்க குழாய வெச்சிகினு எங்க வூட்டையே பாத்துகினு கீதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

அன்று நாங்கள் வேலையிலிருந்து வந்தபோது தனம் அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி பண்றீங்க மேல?"

"நிலா பாக்குறோம்கா."

"நிலாவ கண்ணால பாத்தா தெரியாதா? ஊர் ஒலகமே கண்ணாலதான பாக்குது?"

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனுக்கு கத வேணாம். நான் வந்து பாக்குறேன். நெஜமாவே மானத்துல நிலா தெரிஞ்சா நீங்க இருங்க. ஒண்ணும் தெரியலன்னு வெய்யி, எடத்த காலி பண்ணிடுங்க. அவ சொல்றதுதான் நெஜம்னு அர்த்தம்."

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். காலண்டரைப் பார்த்தார். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பிறையைத்தான் பார்ப்பாராம். அது விசேஷம். மறுநாள் பிறையைப் பார்ப்பது ஆகாது, அன்றைக்கு அவர் தலையை நிமிர்த்தக் கூட மாட்டாராம். அப்புறம் என்றால் அடுத்த மாதம்தான். அதுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஆக எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம். அதிலும் பிறை அஸ்தமிப்பதற்குள்.

தோற்றால் அடுத்த இடம் ஹாஸ்டல்தான். ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம், பூட்டிய மொட்டை மாடி. பேச்சிக்கு அதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஆகாது. நாள் பூராவும் குனிந்தே நிற்கிற வேலை எனக்கு. நிமிர்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதனால்தான் அன்று பார்லோவை எடுத்தேன். சின்னதாகக் காட்டினால் தனம் அக்கா, "இத்துக்கா இம்மா பில்டப்பு?" என்பார். பெரிதாகக் காட்டி வாயடைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

செருப்பு வைத்தியம்

இப்போது அந்த டிக்குக்கு வருவோம்.

சந்தோஷமாகப் பார்லோவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடு. தலைமுடி விழுந்திருக்கிறது என்று நினைத்துத் தட்டினேன். முடி போகவில்லை. தட்டிய வேகத்தில் அது இரண்டாகப் பிரிந்தது.

ஐபீஸை ஆட்டி ஆட்டி, மெல்லத் திருப்பி, ஒரு வழியாக வெளியே எடுத்தேன். பச்சை ஃபில்டர் மூன்று துண்டாக வளையத்துக்குள் நின்றது. பார்லோவின் உள் லென்ஸில், ஓரமாக, நகக்கீறல் போல ஒரு வளைவு.

நடந்தது இதுதான். பார்லோ என்பது வெறும் குழாய் இல்லை. அதன் அடிவயிற்றில் ஒரு லென்ஸ் இருக்கிறது. ஐபீஸ் தனியாகப் போனால் அதற்கு மேலேயே நின்றுவிடும். அடியில் ஃபில்டர் மாட்டியதும் ஐபீஸுக்கு வால் நீண்டுவிட்டது. அந்த வால் போய் லென்ஸில் முட்டியது. முட்டுகிறது என்று கை சொன்னபோது நான் கேட்கவில்லை. டிக் கேட்பதற்காக அழுத்தினேன். கேட்டது. அதோடு விட்டேனா, இழுத்து வேறு பார்த்தேன்.

ஃபில்டரைப் பார்லோவின் அடி முனையில், லென்ஸுக்கு வெளியே மாட்ட வேண்டும். அங்கே முட்ட எதுவும் இல்லை. அதற்கென்றே அங்கே மரை வெட்டி வைத்திருக்கிறான். அந்தப் படிக்காத தாளில் முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடுட்டி. மேகம் போட்டிருக்குன்னு சொல்லிருவோம். அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

"வெளிய பாரு. ஒரு பொட்டு மேகம் உண்டா?"

"இல்ல. அப்போ காய்ச்சல்னு சொல்லு."

"காய்ச்சல்னு சொன்னா, வசந்தி சொன்னது நெஜம்னுதான் தெரு முழுக்கப் பேசும். இன்னைக்கு அந்த அக்கா பாத்தே ஆகணும். நீ அந்த ஐபீஸப் பிடி."

இருபத்தைந்து ஐபீஸ்தான் எங்களுக்கு உயிர். பத்தில் நிலாவைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அஸ்தமித்துவிடும். அந்த இருபத்தைந்தின் அடியில்தான் உடைந்த ஃபில்டர் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே மாட்டினால் கண்ணாடிச் சில்லு கீழே இருக்கிற பெரிய கண்ணாடியில் விழும். வளையத்தைக் கழற்றியே ஆக வேண்டும். அதைப் பேச்சி முடுக்கியிருந்தாள்.

நான் திருகினேன். வரவில்லை. கம்பெனிக் கையுறை போட்டுக்கொண்டு திருகினேன். வரவில்லை. பேச்சியே திருகினாள். தான் முடுக்கியதைத் தன்னாலேயே கழற்ற முடியாமல் அவள் முகம் சிவந்துபோனது. குறடு எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மெல்லிய வளையம். இரண்டு பக்கமும் விரலால் நெருக்கினால் அது நசுங்கி முட்டை வடிவமாகிறது. நசுங்கினால் மரையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள்தான் அதைக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

சுற்றிலும் ஒரே சீராக அழுத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு என்ன வழி? அறையைச் சுற்றிப் பார்த்தேன். கதவோரம் பேச்சியின் புது ரப்பர் செருப்பு கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, உள்ளங்கால் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் வைத்தேன். தளர்ந்த கண்ணாடித் துண்டுகளைத் தட்டி ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, ஐபீஸைக் கவிழ்த்து, வளையத்தை ரப்பரில் பதிய வைத்து, மேலிருந்து அழுத்தி, மெதுவாகத் திருப்பினேன்.

முதல் தடவை செருப்பே சுற்றியது. பேச்சி செருப்பின் இரண்டு முனையையும் இரண்டு கையால் அமுக்கிப் பிடித்தாள். இரண்டாம் தடவை என் கை வழுக்கியது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன்.

"ஏட்டி, கோடு! கோட்டப் பாரு!" என்று பேச்சி கத்தினாள்.

அவள் போட்ட மஞ்சள் கோடு நடுவில் விலகியிருந்தது. நட்டு அசைந்துவிட்டால் அவள் லைனில் திட்டு விழும். அன்று அவள் அந்த விலகலைப் பார்த்துக் கை தட்டினாள்.

மணி ஐந்தரை. ஐபீஸைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பார்லோவின் கீறல் ஓரத்தில்தான், நடுவில் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு தள்ள நான் தயாராக இல்லை. ஒரு தாளைச் சுருட்டிப் பார்லோவுக்குள் விட்டு, லென்ஸுக்கு மேல் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று நகத்தால் மடித்துக் குறித்தேன். அதே தாளை ஐபீஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபில்டர் போன பிறகு ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. மூன்றாம் நாள் பிறைக்கு ஃபில்டரே தேவையில்லை, அது பார்க்கிற கண்ணைக் கூச வைக்காது. முன்பே யோசித்திருந்தால் ஃபில்டரும் பிழைத்திருக்கும், என் மானமும் பிழைத்திருக்கும்.

தனம் அக்கா மேலே வருகிறார்

ஆறரை மணிக்குத் தனம் அக்கா குளித்து, புதுச் சேலை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பரிசோதனைக்கு வருகிற மாதிரி இல்லை, கோயிலுக்குப் போகிற மாதிரி இருந்தது. முதலில் வெறும் கண்ணால் பிறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கை வளையலைப் பார்த்தார். பிறையைப் பார்த்ததும் தங்கத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"ம். காட்டு."

இருபத்தைந்து ஐபீஸை மட்டும் போட்டு, பிறையை நடுவில் கொண்டுவந்து நகர்ந்தேன். அவர் வந்து குழாயை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஒண்ணும் தெர்லியே."

பேச்சி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"கைய எடுங்கக்கா. குழாய் ஆடுது" என்றேன். பிறையை மறுபடி நடுவில் வைத்தேன்.

"கறுப்பா கீது. ஒண்ணும் தெர்ல."

பார்த்தால், திறந்திருக்க வேண்டிய கண்ணை மூடி, மூடியிருக்க வேண்டிய கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவர் இடது கண்ணை என் உள்ளங்கையால் மெல்ல மறைத்தேன். வீட்டுக்காரம்மாவின் முகத்தில் கை வைக்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஆத்தா!" என்றார்.

ஐபீஸில் கண்ணை இன்னும் நெருக்கி வைத்தார்.

"இன்னாடி, பிற கவுந்து கீது?"

"இந்தக் குழாய்ல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும்கா. மேல நிமிந்து பாருங்க, அங்க நேராத்தான் இருக்கு."

நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டு மறுபடி குனிந்தார். நான் ஐபீஸை எடுத்து, பார்லோவை வைத்து, ஐபீஸை அதற்குள் விட்டேன். தள்ளினேன். கட்டை விரல் பழக்கத்தில் அழுத்தப் போனது. நிறுத்தினேன். டிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. பக்கத்துத் திருகை லேசாக இறுக்கிவிட்டு விலகினேன். உடம்பெல்லாம் ஒரு வேலையைப் பாதியில் விட்ட மாதிரி அரித்தது.

"யம்மாடி" என்றார் தனம் அக்கா. "ஓரத்துல குழி குழியா கீது. அத்த வுடு, மீதி நிலாவும் உள்ளயே கீதுடி! இருட்டா, முழு வட்டமா. நான் இத்தினி வருசம் வெறும் கீத்துதான்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஜெயித்துவிட்டோம் என்று பேச்சி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்போது தனம் அக்கா நிமிர்ந்தார்.

"எல்லாம் ஷோக்காத்தான் கீது. ஒண்ணு கேக்குறேன், நெஜத்த சொல்லு. இந்தக் குழாய திருப்புனா வசந்தி வூடு தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பேச்சி கண்ணால் கெஞ்சினாள். எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் ஒயரில் ஒரு டிக் கேட்காதபோது கேட்டது என்று நான் ஒருநாளும் தாளில் டிக் போட்டதில்லை.

"தெரியும்கா" என்றேன். "தலைகீழாத் தெரியும். ஆனா தெரியும்."

"காட்டு பாக்கலாம்."

"அது மட்டும் காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"இன்னைக்கு வரைக்கும் நாங்க அந்த வீட்டப் பாத்ததில்ல. இப்ப உங்களுக்குக் காட்டுனா பாத்ததா ஆயிடும்."

நான் விடவில்லை. எங்கள் லைனில், தப்பு செய்யாதே என்று ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், தப்பாக மாட்டவே முடியாதபடி ஒரு முள்ளை வைத்துவிடுவார்கள். அதை அவருக்குச் சொன்னேன். நாளைக்கே இந்தக் குழாயைத் தாங்குகிற கையில் ஒரு நட்டு போட்டுவிடுகிறேன், கைப்பிடிச் சுவருக்குக் கீழே அது இறங்கவே இறங்காது, எங்களை நம்பவே வேண்டாம், நட்டை நம்பினால் போதும் என்றேன்.

"நான் முடுக்குதேன்கா" என்றாள் பேச்சி. "அப்புறம் ஒருத்தராலயும் கழட்ட முடியாது."

தனம் அக்கா சுவரோரம் போனார். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தெருவே அதிரும்படி கூப்பிட்டார்.

"ஏ வசந்தீ! இங்க வா! நீ சொன்னத நீயே வந்து பாத்துக்கோ!"

வசந்தி பார்த்தது

வசந்தி சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தாள். கடைசிப் படியில் எங்களைப் பார்த்ததும் மூக்கை விடைத்தாள்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லல. எங்க வூட்டு பக்கமாத்தான் திருப்பி வெச்சிகினு கீதுங்க. இப்பக்கூட பாரு."

"பாக்கத்தான கூப்ட்டேன்" என்றார் தனம் அக்கா. "வாய மூடிகினு கண்ண தொற."

குழாய் உண்மையிலேயே அவள் வீட்டுக்கு நேரே மேலேதான் நின்றது. பிறை அந்தப் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது, நான் என்ன செய்ய? வசந்தி அரை மனதாகக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. ஒரு கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை சேலை முனையைச் சுருட்டியது.

"இது... இதா?" என்றாள்.

திடீரென்று துள்ளினாள்.

"மங்குது! ஐயையோ, அணைஞ்சுகினே போவுது! இன்னாடி பண்ணீங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறை அவள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"நாங்க ஒண்ணும் பண்ணலக்கா. உங்க வீட்டு டேங்க் மறைக்குது."

வசந்தி தலையைத் தூக்கித் தன் டேங்கைப் பார்த்தாள். அந்த டேங்க் மேல் அவளுக்கு வந்த கோபம் எங்கள் மேல்கூட வந்ததில்லை.

"அங்க வெக்காத வெக்காதன்னு தலபாடா அடிச்சிகினேன், கேட்டாரா எங்க வூட்டுக்காரு? அங்கியேதான் வெப்பேன்னு வெச்சாரு." மூச்சு விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "எங்க மாடில இருந்து பாத்தா மறைக்காது இல்ல?"

"மறைக்காது."

"இன்னும் எம்மா நேரம் இருக்கும் அது?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

அவள் தனம் அக்காவைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "யக்கா, அனுப்பேன்."

தனம் அக்கா எங்களைப் பார்த்து, "இன்னா நின்னுகினு கீறீங்க? தூக்குங்கடி" என்றார்.

நான் குழாயைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். பேச்சி அதைத் தாங்குகிற முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டாள். படியில் இறங்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அப்போ எங்க ரூமு?"

"மொதல்ல அத்த கீழ போடாம எடுத்துகினு போ" என்றார் பின்னாலிருந்து. "ரூமு எங்க ஓடிடப் போவுது?"

ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு வழிவிட்டுத் தெருவைக் கடந்தோம். வசந்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மாடிக்கு ஏறியபோது, கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளித் தோளில் குவித்துக்கொண்டு, பிறைக்கு நேராக இடத்தைக் காலி செய்துவிட்டு நின்றாள்.

"எங்க வெக்கணும்? சொல்லு" என்றாள்.